எஸ்.யு.எஸ். கேள்வித்தாளோடு எட்டு ஆண்டுகள்

நான் பணிபுரியும் மருத்துவமனையில் நிர்வாக மென்பொருள் நிறுவப்பட்ட சில மாதங்களில், செவிலியர்களும் பில்லிங் ஊழியர்களும் அதை உண்மையில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துச் சொல்லும் வேலை கணினிப் பிரிவில் இருந்த என்னிடம் வந்து சேர்ந்தது. அதற்காக நான் முதலில் எடுத்தது ‘சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்’, சுருக்கமாக எஸ்.யு.எஸ்., என்னும் கேள்வித்தாள்; ஒரு மென்பொருளைக் கையாள்வது எவ்வளவு எளிது என்று பயன்படுத்துகிறவர்களிடமே கேட்டு அளப்பது அது. எட்டு ஆண்டுகளாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைக் கொடுத்து வாங்கி வருகிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு என் அனுபவம் உதவும் என்று நம்பி எழுதுகிறேன்.

ஜான் புரூக் என்பவர் இங்கிலாந்தில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்தபோது 1986-இல் உருவாக்கிய அளவுகோல் இது. மொத்தம் 10 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 (சற்றும் ஒப்பவில்லை) முதல் 5 (முழுவதும் ஒப்புகிறேன்) வரை ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். ஒற்றைப்படை வாக்கியங்கள் நிறையைச் சொல்லும், இரட்டைப்படை வாக்கியங்கள் குறையைச் சொல்லும். ஒற்றைப்படையில் வட்டமிட்ட எண்ணிலிருந்து 1-ஐக் கழித்து, இரட்டைப்படையில் அந்த எண்ணை 5-இலிருந்து கழித்து, எல்லாவற்றையும் கூட்டி 2.5-ஆல் பெருக்கினால் 100-க்கு இத்தனை என்று மதிப்பெண் கிடைக்கும். 68-ஐச் சராசரி என்று கொள்வது வழக்கம். காசு கிடையாது, மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும், ஷிப்ட் மாறும் நேரத்தில்கூடக் கொடுத்து வாங்கலாம். இந்த எளிமைக்காகவே இதை இன்றும் பரிந்துரைப்பேன்.

ஆனால் இரண்டு இடங்களில் கவனமாக இருக்க வேண்டும். வேலை அவசரத்தில் இருப்பவர் வாக்கியங்களைப் படிக்காமல் மேலிருந்து கீழ்வரை ஒரே எண்ணையே வட்டமிட்டுக்கொண்டு போனால், அது எந்த எண்ணாக இருந்தாலும் மதிப்பெண் சரியாக 50 வரும். அப்படி வந்த தாள்களை நானும் முதல் ஆண்டில் உண்மையான அதிருப்தி என்று எண்ணிக் கணக்கில் சேர்த்துவிட்டேன். இன்னொன்று மொழிபெயர்ப்பு. எட்டாவது வாக்கியத்தில் வரும் ‘cumbersome’ என்ற சொல் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்குப் பிடிபடுவதில்லை என்பது இத்துறையில் தெரிந்த செய்திதான். அதை நான் முதலில் ‘இடர்ப்பாடானது’ என்று தமிழாக்கினேன்; பாதிப் பேர் அந்த வரியை விட்டுவிட்டார்கள். ‘இதில் வேலை செய்வது பெரும்பாடாக இருக்கிறது’ என்று மாற்றிய பிறகுதான் எல்லோரும் பதில் சொன்னார்கள்.

இரண்டாம் ஆண்டில் ஆண்கள் மெடிக்கல் வார்டு சராசரியைத் தாண்டியிருந்தது. உள்நுழைவுப் பதிவுகளிலும் பயன்பாடு நன்றாகவே தெரிந்தது. நிர்வாகக் கூட்டத்தில் நான் மகிழ்ச்சியோடு அந்த எண்ணை வாசித்தேன். சில வாரங்கள் கழித்து வேறு ஒரு பழுதைச் சரிசெய்ய அதே வார்டின் நர்சிங் ஸ்டேஷனில் காலை முழுவதும் உட்கார நேர்ந்தபோதுதான், அந்த எண் எதைச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

காலை ரவுண்ட்ஸுக்கு முன் செவிலியர் கட்டில் கட்டிலாகப் போய் இரத்த அழுத்தமும் காய்ச்சலும் பார்த்து, பழைய லேப் படிவத்தின் பின்பக்கத்தில் குறித்து, அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஊசி, டிரிப், டிஸ்சார்ஜ் என்று வேலை ஓடியது. ஷிப்ட் முடியும் வேளையில் கணினி முன் அமர்ந்து, அத்தனை அளவுகளையும் ஒரே மூச்சில் ஏற்றினார். மென்பொருளோ ஏற்றிய நேரத்தையே அளவெடுத்த நேரமாக எடுத்துக்கொண்டது. வார்டு முழுவதும் பகல் ஒன்றே முக்கால் மணிக்கு அளவெடுக்கப்பட்டதாகத் திரை காட்டியது. கேட்டபோது அவர் சொன்னார்: “டாக்டர் இந்த நேரத்தை நம்ப மாட்டார் சார். அதனால சார்ட்லயும் எழுதி வச்சிடுவோம்.” ஒரே வேலை மூன்று முறை நடந்துகொண்டிருந்தது. போதாததற்கு, சில நிமிடம் தொடாமல் விட்டால் திரை பூட்டிக்கொள்ளும் என்பதால், காலையில் ஒருவர் திறந்த கணக்கிலேயே அன்றைய ஷிப்ட் முழுவதும் எல்லோரும் வேலை செய்தார்கள். நான் நம்பியிருந்த உள்நுழைவுப் பதிவு ஒரே ஒருவரின் பெயரைத்தான் சுமந்துகொண்டிருந்தது.

ஒரு தொழில்நுட்பத்தை மக்கள் ஏற்பதற்கு, அது பயன் தரும் என்ற எண்ணமும் அதைக் கையாள்வது எளிது என்ற எண்ணமும் காரணம் என்று ஆய்வாளர் ஃப்ரெட் டேவிஸ் 1989-இல் எழுதினார். 152 பயனர்களையும் நான்கு மென்பொருள்களையும் வைத்து அவர் கண்டதில், எளிமையைவிடப் பயன் என்ற எண்ணமே பயன்பாட்டோடு வலுவாகப் பிணைந்திருந்தது. எங்கள் வார்டில் பயன்படுத்தலாமா வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லை. ஏற்றாவிட்டால் டிஸ்சார்ஜ் பில் நகராது. கட்டாயத்தின் பேரில் நடக்கும் பயன்பாட்டை எண்ணிப் பார்த்து ஏற்பு என்று பெயரிடுவது தவறு. விருப்பமா கட்டாயமா என்பதையும் சேர்த்துப் பார்க்கும் மாதிரியை வெங்கடேஷும் டேவிஸும் மற்ற இருவரும் 2003-இல் வெளியிட்டார்கள். அதை நான் முன்பே படித்திருந்தேன். அந்தக் காலைப் பொழுதுக்கு முன் அதன் பொருள் எனக்கு உறைக்கவில்லை.

ஆய்வாளர் வாண்டா ஆர்லிகோவ்ஸ்கி 1992-இல் வெளியிட்ட ஆய்வையும் இங்கே சொல்ல வேண்டும். ஓர் ஆலோசனை நிறுவனத்தில் லோட்டஸ் நோட்ஸ் என்னும் மென்பொருள் நுழைந்த விதத்தை உள்ளே இருந்து பார்த்து, ஒருவரோடு ஒருவர் போட்டியிட்டே மேலே போக வேண்டிய இடத்தில் அறிவைப் பகிரும் மென்பொருளைக் கொடுத்தாலும் பகிர்வு தானாக நடக்காது என்று காட்டினார். மதிப்பெண் தாளால் இது வெளிவந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

எங்கள் மென்பொருளில் பிறகு ‘அளவெடுத்த நேரம்’ என்று தனிக் கட்டம் சேர்க்கப்பட்டது. அதற்கே ஒன்றரை ஆண்டு மன்றாட வேண்டியிருந்தது. அடுத்த முறை மதிப்பெண் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது, ஆனால் மருத்துவர்கள் காகித சார்ட்டைக் கேட்பது குறைந்தது. அதனால் இப்போது ஒவ்வொரு சுற்றிலும் தாளைக் கொடுக்கும் முன் ஒரு முழு ஷிப்ட் வார்டில் உட்காருகிறேன். தாளின் அடியிலும் ஒரு கேள்வி சேர்த்திருக்கிறேன்: ‘இந்த மென்பொருளில் ஏற்றுவதற்கு முன் எதில் எழுதி வைக்கிறீர்கள்?’ சென்ற முறை வந்த பதில்களில் டைரியும் வாட்ஸ்அப் குழுவும் மருந்து அட்டைப்பெட்டியின் மூடியும் இருந்தன. இரவு ஷிப்ட் செவிலியர்கள் இருவர் ‘உள்ளங்கையில்’ என்று எழுதியிருந்தார்கள்.