நூலகர்களுக்கான ஐந்து நாள் கோஹா பயிற்சி: ஒரு மதிப்பீடு

நூலகங்களைக் கணினிமயமாக்கித் தரும் ஒரு நிறுவனம் கடந்த கோடை விடுமுறையில் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளில் நடத்திய ஐந்து நாள் பயிற்சிக்கு எங்கள் கல்லூரியிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள். மதிய உணவும் சேர்த்துக் கட்டணம் 4,000 ரூபாய். தொடக்க விழாவில், 'வாசகரின் நேரத்தைச் சேமி' என்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள்.

நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகத்துக்காக எழுதப்பட்டு, 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்த கோஹாவுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. ஆனால் அதை நிறுவத் தெரிய வேண்டும். அந்த வகையில் முதல் இரண்டு நாட்கள் கொடுத்த பணத்துக்குத் தகுந்தவை. பயிற்றுநர் எவருடைய விசைப்பலகையையும் தொடாமல், உபுண்டு இயங்குதளத்தில் நிறுவுவது முதல் நூல் வழங்கும் விதிகளை அமைப்பது வரை அனைத்தையும் எங்களையே செய்யவைத்தார். விடுமுறை நாட்காட்டியை நிரப்பாமல் விட்டால் பொங்கல் விடுமுறைக்கும் சேர்த்து மாணவரிடம் தாமதக் கட்டணம் கேட்கும் என்பதை அவர் திரையிலேயே காட்டியது இன்றும் நினைவிருக்கிறது.

குறை, மூன்றாம் நாள் பட்டியலாக்கத்தில் தொடங்கியது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலிருந்து இசட்39.50 வழியாக, அதாவது பிற நூலகங்களின் பட்டியலில் தேடிப் பதிவுகளை நகலெடுக்க உதவும் நெறிமுறை வழியாக, ஒரு தமிழ் நூலின் பதிவு நொடியில் வந்து இறங்கியபோது அறையே கைதட்டியது. ஆனால் வந்த பெயரும் தலைப்பும் ரோமன் எழுத்தில், மேலும் கீழும் குறிகளோடு இருந்தன. அவற்றைத் தமிழில் தட்டித் தேடும் மாணவருக்கு நூல் அலமாரியில் இருந்தும் இல்லாததுதான். தமிழ்ப் பெயர்களை எப்படிப் பதிவது என்று கேட்டதற்கு, 'குடும்பப் பெயர், காற்புள்ளி, பிறகு மற்றது' என்ற ஆங்கில விதியே பதிலாகக் கிடைத்தது. பக்கத்து இருக்கைக்காரர், நூலாசிரியர் பெயருக்கான 100ஆம் புலத்தில் 'உ., வே. சாமிநாதையர்' என்று பதிந்துவிட்டு, சரிதானா என்று என்னைப் பார்த்தார். 'சாமிநாதையர், உ. வே.' என்பதை நிலையான வடிவமாக்கி, சாமிநாதய்யர், சுவாமிநாதையர் போன்ற பிற வடிவங்களை அத்தாரிட்டி பதிவின் (ஒருவர் பெயரின் எல்லா வடிவங்களையும் இணைத்துவைக்கும் பதிவு) 400ஆம் புலத்தில் சேர்க்கும் முறைக்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்படவில்லை. மென்பொருளை இயக்குவது ஒரு திறன், எதை எந்த வடிவில் பதிவது என்று முடிவெடுப்பது வேறொரு திறன்; பாடத்திட்டம் முதலாவதை மட்டுமே தொழில் திறனாகக் கருதியது.

நான்காம் நாள் அறிக்கைகள், பார்கோடு அச்சிடுதல், குறையில்லை. கடைசி நாளில், யூனிகோடு அல்லாத பழைய வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்த எங்கள் பழைய எக்செல் கோப்பை ஏற்றியபோது பெயர்கள் எல்லாம் புரியாத குறிகளாயின. 'முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள்' என்றார்கள். எப்படி மாற்றுவது என்பது பயிற்சியில் இல்லை.

கோஹாவைத் தொட்டே பார்க்காதவர்கள் தாராளமாகச் செல்லலாம். போகும்போது உங்கள் நூலகத்துத் தமிழ் நூல்களில் பத்தை எடுத்துச் செல்லுங்கள். பயிற்சி மேசையில் அடுக்கியிருந்தவை அனைத்தும் ஆங்கில நூல்கள்.