100 மணி நேரம் ஓட வேண்டுமாம்: புதிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் மதிப்புரை

நான் வாங்கிய ஏபி வகுப்பு (Class AB என்ற பரவலான சுற்று வகை) ஆம்ப்ளிஃபையரின் கையேடு, 100 மணி நேரம் ஓடிய பிறகே அதன் உண்மையான ஒலி வெளிப்படும் என்றது. ஆனால் பெட்டியைப் பிரித்த அன்றே போட்டுக் கேட்ட வீணை இசையில், தந்தியின் மேல் விரல் உரசி நகர்வதுகூடத் தெளிவாகக் கேட்டது. குளிர்ந்த நிலையில் இயக்கினால், வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் தகடுகள் சூடேறி, வெளியீட்டு டிரான்சிஸ்டர்களின் பயஸ் மின்னோட்டம் (இசை இல்லாதபோதும் அவற்றில் ஓடும் சிறு மின்னோட்டம்) நிலைப்படச் சிறிது நேரம் ஆகும் என்பது உண்மையே. எனினும் அது ஒவ்வொரு முறையும் நிகழ்வது, புதிய கருவிக்கு மட்டும் உரியதன்று. ஸ்பீக்கரின் கதை வேறு: கூம்பைத் தாங்கும் பகுதி அசைந்து அசைந்து நெகிழ்வதால் அதன் ஒத்ததிர்வு அதிர்வெண் (கூம்பு இயல்பாகவே மிகுதியாக அதிரும் அதிர்வெண்) சற்றே இறங்கும். ஆம்ப்ளிஃபையரின் ஒலிப்பாதையில் அப்படி நெகிழ்வதற்கு என்ன இருக்கிறது?

மூன்றாம் வாரத்தில் பாஸ் (bass, தாழ்ந்த ஒலி) செழித்துவிட்டதாக எனக்கும் தோன்றியது. ஒலியளவுக் குமிழ் வழக்கத்தைவிட ஒரு கோடு மேலே நின்றதைப் பிறகுதான் கவனித்தேன். ஒலியளவைச் சமப்படுத்தாமல் செய்யும் எந்த ஒப்பீட்டையும் நான் நம்புவதில்லை, என்னுடையதையும் சேர்த்துத்தான். முதல் நாளில் பிடிக்காத ஒலியை, போகப்போகச் சரியாகும் என்று பொறுத்திருந்தால், திருப்பித் தரும் கெடுதான் கடந்துபோகும். இந்தக் கருவியைத் தாராளமாக வாங்கலாம். ரிமோட் மட்டும் மட்டமான பிளாஸ்டிக்.