பால் காய்ச்சி ஏழு மழை: எங்கள் வீட்டுக் கொத்து வேலை இப்போது எப்படி இருக்கிறது

காம்பவுண்டுச் சுவரில் பென்சிலால் தேதி எழுதிவைப்பது 2020 ஊரடங்கில் எனக்கு வந்த பழக்கம். நான் டீச்சர், அப்போது பள்ளிக்கூடம் இல்லை. வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்ததில் தெற்குப் பக்கச் சுவரில் அந்த வெடிப்பு கண்ணில் பட்டது. செங்கல் இணைப்பை ஒட்டிப் படிக்கட்டு மாதிரி இறங்கியிருந்தது. பங்குனி, சித்திரையில் பத்து ரூபாய்க் காசைச் செருகினால் நிற்கும். கார்த்திகை மழையில் தானாக மூடிக்கொள்ளும். அடுத்த பங்குனியில் இரண்டு காசு செருகலாம். பத்தடி தள்ளி நிற்கும் வீட்டுச் சுவரில் இப்படி எதுவும் இல்லை. இரண்டையும் கட்டியது ஒரே மேஸ்திரிதான்.

திருமங்கலம் பக்கம், நான்குவழிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, டிடிசிபி (நகர ஊரமைப்புத் துறை) அனுமதி வாங்கிய லேஅவுட் எங்களுடையது. கேட், வாட்ச்மேன், பொது போர்வெல், சங்கம் எல்லாம் உண்டு. 2016-ல் மனை வாங்கினோம். 2018 தையில் பூமி பூஜை, 2019 தை கடைசியில் பால் காய்ச்சினோம். வீட்டுக்காரர் குவைத்தில் இருந்ததால் மேற்பார்வை பூராவும் நான்தான். 1,250 சதுர அடி, கூலி மட்டும் பேசிய லேபர் காண்ட்ராக்ட். சாமான் எல்லாம் நாங்கள் வாங்கிக் கொடுத்தோம்.

மூன்று மேஸ்திரிகளிடம் கேட்டோம். இவரைப் பிடித்ததற்கு முக்கியக் காரணம், எங்கள் லேஅவுட்டிலேயே நாலு வீடு கட்டியிருந்தார் என்பது. சங்கத்து விதிகள் அவருக்கு மனப்பாடம்: காலை எட்டுக்கு முன்னால் வேலை கூடாது, ஞாயிறு கூடாது, மணலை ரோட்டில் கொட்டக் கூடாது, தார் ரோட்டில் கலவை குழைக்கக் கூடாது, வருகிற ஆட்களின் பெயரை கேட்டில் எழுத வேண்டும், 25,000 ரூபாய் டெபாசிட். வெளியிலிருந்து வருகிற மேஸ்திரி இதற்கெல்லாம் தினமும் வாட்ச்மேனோடு மல்லுக்கு நிற்பார். இவர் நிற்கவில்லை. அந்த வகையில் நிம்மதி.

ஆனால் அவர் காட்டிய நாலு வீடும் புது வீடுகள். பெயின்ட் வாசனைகூடப் போகாதவை. அஞ்சு வருஷம் ஆன வீடு ஒன்றைக் காட்டுங்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அதுவும் முன்பக்கம் இல்லை. மழை விட்ட மறுநாள் வீட்டுக்குப் பின்னால் போய், குளியலறையின் வெளிச்சுவரும், கைப்பிடிச் சுவர் மொட்டைமாடியோடு சேருகிற இடமும் எப்படி இருக்கிறது என்று பார்த்தால் ஒரு மேஸ்திரியின் ஜாதகமே தெரிந்துவிடும்.

சதுர அடிக்கு 340 ரூபாய் பேசினோம். பேசும்போது நான் கோட்டைவிட்ட விஷயம், எதை எதை அளவில் சேர்ப்பது என்பது. போர்டிகோ முழு அளவா, பாதி அளவா? மாடிப்படித் தலையறை? தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்புக்குத் தனி ரேட்டா? கைப்பிடிச் சுவர் உள்ளே அடக்கமா? ஒன்றையும் எழுதவில்லை. ஒவ்வொன்றும் பிறகு “எக்ஸ்ட்ரா” என்று வந்தது. காம்பவுண்டுச் சுவரும் அப்படித்தான் வந்தது.

மண் கரிசல். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வாய்பிளக்கும். பிளான் போட்டுக் கொடுத்த இன்ஜினியர் சின்னப் பையன்தான், ஆனால் இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பன்னிரண்டு அடிக்குத் துளை போட்டு, அடியில் பானை மாதிரி அகலப்படுத்தி, கம்பி இறக்கி கான்கிரீட் போடும் அண்டர் ரீம்டு பைல்தான் என்றான். மேலே பைல்களை இணைக்கும் கிரேடு பீம், அதன் அடியில் கரிசல் நேராக முட்டாதபடி இடைவெளி. உள்ளே நிரப்ப வெளியிலிருந்து கிராவல். மேஸ்திரி முகம் சுளித்தார். “நாலு வீடு சாதா அஸ்திவாரத்துலதான் டீச்சர் நிக்குது.” அந்த நாலில் இரண்டில் இப்போது ஜன்னல் மூலைகளில் சாய்வாக வெடிப்பு ஓடுகிறது. போகும்போதும் வரும்போதும் பார்க்கிறேன்.

மணல் அப்போது தங்கம் விலை. தமிழ்நாட்டு மணல் குவாரிகளை ஆறு மாதத்தில் மூடச் சொல்லி 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருந்தது. நாங்கள் வேலை தொடங்கிய நேரம் ஆற்று மணல் லோடு விலையைக் கேட்டால் தலை சுற்றும். கட்டு வேலைக்குப் பாறையை உடைத்துத் தயாரிக்கும் எம் சாண்ட், பூச்சுக்கு அதிலேயே நைசான பி சாண்ட் என்று முடிவெடுத்தோம். முதல் லோடு வந்ததும் கண்ணாடி பாட்டிலில் பாதி மணலும் மேலே தண்ணீரும் விட்டுக் குலுக்கி ஜன்னலில் வைத்தேன். மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் மணலுக்கு மேல் விரல்கடை உயரத்துக்குச் சாம்பல் நிறச் சேறு. எம் சாண்ட் என்று கிரஷர் தூளை அனுப்பியிருந்தார்கள். லாரியைத் திருப்பி அனுப்பினேன். டிரைவர் திட்டிக்கொண்டே போனார்.

கட்டு வேலை நடந்த மூன்று மாதமும் எனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் பெரிய கொத்தனார். பேரையூர்ப் பக்கத்துக்காரர், அறுபதை நெருங்கியவர். காலையில் வந்ததும் முதல் வேலை, ட்ரம்மில் தண்ணீர் பிடித்துச் செங்கலை முக்குவது. குமிழ் வருவது நிற்கும்வரை எடுக்க மாட்டார். ஒருநாள் சித்தாள் அவசரத்தில் காய்ந்த கல்லைக் கொண்டுவந்து வைத்தாள். கரணையால் தட்டித் திருப்பி அனுப்பினார். “கல்லு தாகமா இருந்தா கலவையோட தண்ணியக் குடிச்சிரும் டீச்சர். அப்பறம் சிமெண்டு எதக் குடிக்கும்?” ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்றுக்கு ஆறு, நாலரை அங்குலத்துக்கு ஒன்றுக்கு நாலு. சட்டியை எண்ணிப் போடச் சொல்வார். கண்மதிப்பில் மண்வெட்டியால் அள்ளிப் போட விட மாட்டார். மூன்று வரிக்கு ஒருதரம் தூக்குக்குண்டு விழும். அவர் நின்ற நாட்களில் ஒருமுறைகூட, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் குழைத்த கலவையில் பிறகு தண்ணீர் ஊற்றிப் பிசைந்ததை நான் பார்த்ததில்லை. அவர் நிற்காத நாட்களில் பார்த்தேன்.

இப்போது போய் ரசமட்டம் வைத்தாலும் ஹால் சுவர் நூல் பிடித்த மாதிரி நிற்கிறது. ஆனால் அதே ஹாலின் மேற்குச் சுவரில் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு வருஷா வருஷம் உப்புப் பூக்கிறது. அதில் கொத்தனார் குற்றமில்லை. பங்குனியில் போர்வெல் இறங்கிப்போனதால் கட்டட வேலைக்குத் தண்ணீர் தர முடியாது என்று சங்கம் நிறுத்திவிட்டது. டிராக்டர் டேங்கில் விலைக்கு வாங்கினோம். எங்கிருந்து பிடித்தார்களோ, வாயில் வைத்தால் கரித்தது. அந்தப் பத்து நாளில் எழும்பிய சுவர்தான் அது. மூன்று முறை பட்டி பார்த்து பெயின்ட் அடித்தாகிவிட்டது. ஆடிக் காற்றில் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக உதிரும். சோபாவை நகர்த்தி மறைத்திருக்கிறேன்.

நனைப்பு விஷயத்தில் ஒரு சண்டை. தண்ணீர் விடுவது வீட்டுக்காரர் வேலை என்றார் மேஸ்திரி. ஒப்பந்தத்தில் அதுவும் இல்லை. சாதா சிமெண்டுக்கே குறைந்தது ஏழு நாள், கடைகளில் பெரும்பாலும் கிடைக்கிற, சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டுக்குப் பத்து நாள் ஈரம் காயாமல் வைக்க வேண்டும். மதுரை வெயிலில் காலையில் விட்டது பத்தரைக்கே காய்ந்துவிடும். சித்திரைத் திருவிழாவுக்கு ஆட்கள் பூராவும் ஊருக்குப் போய்விட்டார்கள். அழகர் ஆற்றில் இறங்கி, மலைக்குத் திரும்பி, அதன்பிறகும் இரண்டு நாள் கழித்தே வந்தார்கள். அந்த வாரம் கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் கான்கிரீட்டுக்கு மேல் சாக்கை விரித்து நானும் அம்மாவும் குடத்தில் தூக்கி ஊற்றினோம். மதுரைப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் சித்திரையிலும் தைப் பொங்கல் வாரத்திலும் கான்கிரீட் போடும் தேதியை வைக்காதீர்கள். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மாடு அவிழ்க்கும் மூன்று நாளில் உங்கள் வீட்டில் கரணை பிடிக்க ஒருவரும் இருக்க மாட்டார்.

2018 ஜூனில் எங்களுக்குப் பக்கத்துத் தோப்பூருக்கு எய்ம்ஸ் மருத்துவமனை என்று அறிவிப்பு வந்தது. அதே மாதம்தான் எங்களுக்கு மேல்தளம் போட்டோம். அதன்பிறகு லேஅவுட்டில் வரிசையாகப் பூமி பூஜை. எல்லோரும் இவரையே கூப்பிட்டார்கள். நானே இரண்டு பேருக்கு நம்பர் கொடுத்தேன். ஆவணிக்குள் அவர் கையில் ஏழு வீடு. பெரிய கொத்தனாரை நாலாவது தெருவுக்கு அனுப்பிவிட்டு, எங்கள் பூச்சு வேலைக்கு மூன்று இளவட்டங்களை அனுப்பினார். ஒரு சனிக்கிழமை அவர்களுக்குச் சம்பளம் போடவில்லை. திங்கட்கிழமை இரண்டு பேர் வரவில்லை. பணம் எங்களிடம் வாங்கியிருந்தார், அது வேறொரு வீட்டுக் கம்பிக்காரருக்குப் போயிருந்தது.

கான்கிரீட் தூணும் செங்கலும் சேருகிற இடத்தில் கோழிவலை அடித்துவிட்டுத்தான் பூச வேண்டும். இரண்டும் வெயிலுக்கு ஒரே மாதிரி விரிவதில்லை. முன்னறைகளில் நான் நின்று அடிக்கவைத்தேன். காலாண்டுத் தேர்வு நடந்த வாரம் நான் பள்ளியில் இருந்தேன், பின் படுக்கையறையை வலை இல்லாமலே பூசி முடித்துவிட்டார்கள். ஏழு மழைக்குப் பிறகு: முன்னறைகளில் ஒரு கீறல் இல்லை. பின்னறையில் தூணை ஒட்டி மேலிருந்து கீழாக மயிரிழை, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி.

காம்பவுண்டுக்கு வருகிறேன். பால் காய்ச்சப் பத்து நாள் இருந்தது. பத்திரிகை அடித்தாகிவிட்டது, குவைத்திலிருந்து டிக்கெட் போட்டாகிவிட்டது. சுவர் இல்லாமல் சொந்தக்காரர்களைக் கூப்பிடுவதா என்று அவசரப்படுத்தியது நான்தான். “ரெண்டடி தோண்டிப் போட்ருவோம் டீச்சர், பாரம் இல்லாத சுவருதானே” என்றார். சரி என்று தலையாட்டினேன். வீட்டுக்குப் பன்னிரண்டு அடி பைல் கேட்ட கரிசல், காம்பவுண்டுக்கு மட்டும் மனம் இளகுமா? அதுவும் நூறடி நீளத்துக்கு நடுவில் இடைவெளியே விடாமல் ஒரே சுவராகக் கட்டினார்கள்.

வெடிப்பைப் பார்த்ததும் மேஸ்திரிக்குப் போன் செய்தேன். முதலில் வருகிறேன் என்றார், பிறகு எடுக்கவில்லை. கூலியில் 20,000 ரூபாயை ஆறு மாதம் பிடித்துவைத்திருந்தேன், ஆடியில் கொடுத்துவிட்டேன். அங்கேதான் தப்பு. எங்களுக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். தையிலிருந்து ஆடிவரை பிடித்துவைத்த பணம் எந்த மழையையும் பார்க்கவில்லை. ஒரு வடகிழக்குப் பருவமும் அதற்கடுத்த கோடையும் தாண்டும்வரை வையுங்கள். ரெரா என்கிற ரியல் எஸ்டேட் சட்டத்தில் ஐந்து வருஷப் பொறுப்பு இருக்கிறதே என்று சிலர் கேட்டார்கள். அது வீட்டைக் கட்டி விற்கிற புரமோட்டருக்கு. மனை வாங்கி நாமே மேஸ்திரி பிடித்தால் அது வராது, ஒப்பந்தத்தில் எழுதிவைப்பதுதான் கைகொடுக்கும்.

2022-ல் வேறு ஆளை வைத்து அந்தப் பக்கம் இருபத்திரண்டு அடியை இடித்து, குட்டை பைல், மேலே பீம், பில்லருக்குப் பில்லர் இடைவெளி என்று கட்டினோம். என் பென்சில் தேதிகளும் அதோடு போயின. இந்தப் பங்குனி வந்தால் நாலு கோடை. காசு நுழையவில்லை.

அதே மேஸ்திரியை மறுபடி கூப்பிடுவேனா என்று பக்கத்து மனைக்காரர் கேட்டார். இப்போது எத்தனை வீடு கையில் இருக்கிறது, என் வீட்டில் தினமும் யார் நிற்பார், இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் தந்தால் கூப்பிடுவேன் என்றேன். அவர் வேலை தெரியாதவர் இல்லை.

பெரிய கொத்தனார் இப்போது யாரிடமும் இல்லை, சில்லறை வேலை மட்டும் செய்கிறார். போன மாதம் வந்து பின்னறைக் கீறலை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். “இது பெருசாகாது டீச்சர். கீறி எடுத்துட்டு வலை வச்சுப் பூசிரலாம்” என்றார். கூடவே போர்வெல் மோட்டாருக்கு ஒரு சின்ன அறையும் கட்டித் தரச் சொல்லியிருக்கிறேன். மொத்தமே நானூறு கல்தான் வரும். வருகிற திங்கட்கிழமை வெள்ளன வருகிறாராம். கூலி எதுவும் பேசவில்லை. பழைய ட்ரம் இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.