முயலுக்கு .22 வாங்கப் போய் ஏமாந்தேன்: முதல் ரைஃபிள் வாங்குபவர்கள் கடைக்குப் போகும் முன் படியுங்கள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் துப்பாக்கி உரிமம் எடுத்து, முதல் ரைஃபிள் வாங்கக் கிளம்பும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய ரைஃபிள், ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), அதைப் பொருத்தும் வளையம், தோட்டா எல்லாம் சேர்த்து 1,110 டாலர் கொடுத்தேன். அதில் ஒன்றுகூட எனக்குத் தேவைப்பட்ட வேலைக்கு ஆகவில்லை. பணத்தில் ஒரு பகுதி திரும்பி வந்துவிட்டது. முதல் நாள் மாலை நடந்ததை நினைத்தால்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

எங்கள் நிலம் ஜீலாங்குக்கு மேற்கே, வின்செல்சி பக்கம். 1859-இல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் இங்கிலாந்திலிருந்து 24 முயல்களை வரவழைத்து வேட்டைக்காக விட்டது இங்கே உள்ள பார்வன் பார்க் பண்ணையில்தான். ஆஸ்திரேலியா முழுக்கப் பரவிய முயல் தொல்லை பெரும்பாலும் அங்கிருந்து புறப்பட்டது. முயலை ஒழிக்க 1950-இல் மிக்சோமடோசிஸ் நோயைப் பரப்பினார்கள், 1995-இல் முயலைக் கொல்லும் கலிசிவைரஸ் வந்தது, இரண்டையும் தாண்டி முயல் இன்னும் இருக்கிறது. நான் நட்ட 90 ஆலிவ் கன்றுகளில் பாதிக்கு மேல் அடிப்பட்டை உரிந்து போனது. தன் நிலத்தில் முயல் பரவாமல் பார்த்துக்கொள்வது நில உரிமையாளரின் கடமை என்று 1994-ஆம் ஆண்டுச் சட்டமே இங்கே சொல்கிறது. வேலி போட்டேன், வளைகளை டிராக்டரால் கிழித்து மூடினேன். மிச்சம் இருந்தவற்றுக்குத்தான் ரைஃபிள்.

(இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: அங்கே காட்டு முயல் பாதுகாக்கப்பட்ட விலங்கு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையே குற்றம். இதில் சொல்வது எதுவும் அங்கே பொருந்தாது.)

கடையில் நான் தெளிவாகத்தான் சொன்னேன். முயல் மட்டும்தான். தூரம் 30 முதல் 60 மீட்டர். பொழுது சாயும் நேரத்தில். பக்கத்தில் வீடுகள் இருப்பதால் சத்தம் குறைவாக இருந்தால் நல்லது. கவுண்டரில் இருந்தவர் சிரித்த முகத்தோடு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். உள்ளே போய் ஒரு .22 எல்ஆர் (சிறிய வகைத் தோட்டா) போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளை எடுத்து வந்தார்; ஒவ்வொரு தடவையும் போல்ட் என்ற தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தோட்டா போடும் வகை. "ஒரு பெரியவர் வைத்திருந்தது, இருநூறு தோட்டாகூடச் சுட்டிருக்க மாட்டார், புதுசு மாதிரி" என்றார். மேலே 6-24x50 ஸ்கோப், அதாவது 6 முதல் 24 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர். "பெரிதாகத் தெரிந்தால்தானே சரியாக அடிக்க முடியும்?" என்று கேட்டார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஐந்நூறு தோட்டா உள்ள பெரிய பெட்டி ஒன்றை, "இதுதான் நல்ல வேகம், இதுதான் மலிவு" என்று சேர்த்துக் கட்டினார். "ஸ்கோப்பை நானே பொருத்தி, போர்சைட் செய்து தருகிறேன். நேராக வயலுக்குப் போகலாம்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நம்பியதுதான் என் தப்பு. குழலின் திசையும் ஸ்கோப்பின் திசையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் போர்சைட். காகிதத்தில் எங்காவது படும், அவ்வளவுதான். நாம் வாங்கிய தோட்டாவை, நாம் சுடப்போகும் தூரத்தில் சுட்டுத் திருகிச் சரிசெய்தால்தான் ஜீரோ ஆகும், அதாவது குறிவைத்த இடத்திலேயே படும். எனக்கு அது தெரியாது. அவருக்குத் தெரியும்.

காகிதத்தில் நாலு தோட்டா சுட்டேன். கொஞ்சம் அங்கே இங்கே பட்டது. என் கை பழகவில்லை என்று நினைத்தேன். மாலை ஆறரைக்குப் பக்கத்துப் பண்ணைக்காரரின் ஓடைக்கரையில் படுத்திருந்தேன். சுமார் 40 மீட்டரில், மண்மேட்டுக்கு முன்னால் ஒரு முயல். தலையைக் குறிவைத்துச் சுட்டேன். பட்டது வயிற்றில். அது விழவில்லை. முன்கால்களால் மண்ணைப் பிறாண்டிக்கொண்டு, பின்பகுதியை இழுத்துக்கொண்டே வளைக்குள் போய்விட்டது. அடுத்த தோட்டாவைப் போட போல்ட்டை இழுத்தால், சுட்ட கூடு அறைக்குள் சிக்கிக்கொண்டு வரவில்லை. பேனாக்கத்தியால் நெம்பி எடுப்பதற்குள் இருட்டிவிட்டது. அந்த வளைக்கு முன்னால் டார்ச்சோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தொல்லை கொடுக்கும் பிராணியாகவே இருக்கட்டும், அதை அப்படிச் சாகவிட நமக்கு உரிமை கிடையாது.

ரைஃபிள் கிளப்பில் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் இருக்கிறார். இருபது வருடத்துக்கு மேலாகச் சுடுபவர். அடுத்த சனிக்கிழமை அவரிடம் கொண்டுபோனேன். ரைஃபிளை மணல்மூட்டையில் ஆடாமல் வைத்துவிட்டு, "தம்பி, துவக்கைத் தொடாம, தலையை மட்டும் அங்க இஞ்ச அசைச்சுப் பாரும்" என்றார். பார்த்தேன். ரைஃபிள் அசையவில்லை, காகிதமும் அசையவில்லை, ஆனால் குறுக்குக்கோடு காகிதத்தின் மேல் இடமும் வலமும் வழுக்கிக்கொண்டே போனது. சுவர்க்கடிகாரத்தைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் முள் நகர்ந்த மாதிரித் தெரியுமே, அதே கதைதான். இதற்குப் பெயர் பேரலாக்ஸ். ரிம்ஃபயருக்கென்று (.22 போல, விளிம்பில் அடித்து வெடிக்கவைக்கும் தோட்டா வகை) செய்யும் ஸ்கோப்புகளை வழக்கமாக 50 கெஜத்துக்குச் சரிசெய்து விடுவார்கள். எனக்கு விற்றது 100 கெஜத்துக்கு நிலையாக வைத்தது, மாற்றிக்கொள்ளும் திருகும் அதில் இல்லை. 50 மில்லிமீட்டர் கண்ணாடி, 40 மீட்டர் தூரம் என்றால், கண் ஓரத்துக்குப் போகும்போது குறி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தப்பும். முயல் தலையில் நாம் அடிக்க வேண்டிய இடமே மூன்று நான்கு சென்டிமீட்டர்தான்.

கண் ஏன் ஓரத்துக்குப் போகிறது? அதற்கும் அந்த ஸ்கோப்தான் காரணம். முன்கண்ணாடி அவ்வளவு பெரிதாக இருந்தால் குழலில் இடிக்காமல் இருக்க உயரமான வளையம் போட வேண்டும். வளையம் உயர்ந்தால் கன்னம் கட்டையில் பதியாது, தலை அந்தரத்தில் நிற்கும், ஒவ்வொரு தடவையும் கண் வேறு வேறு இடத்தில் நிற்கும். போதாததற்கு, 50-ஐ 24-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் இரண்டு மில்லிமீட்டர்தான். அந்தி நேரத்தில் நம் கண்மணி அதைவிட மிக அகலமாக விரிந்திருக்கும், ஆகவே படம் இருண்டு போகும். குறைந்தபட்சமான 6-இல் வைத்தாலோ, 25 மீட்டரில் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் அகலம்தான் தெரிகிறது. புல்லுக்குள் முயலைத் தேடுவதற்குள் அது போய்விடும். "நாப்பது மீட்டர் முயலுக்கு உது என்னத்துக்கு? முதல்ல உதைக் கழட்டும்" என்றார் அண்ணர்.

கழற்றியபோதுதான் வளையத்தைப் பார்த்தோம். ஒரு பக்கத் திருகு இறுகி, மறுபக்கம் பாதியில் நின்றிருந்தது. ஸ்கோப்பின் உடம்பில் அரை சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கீறல், ஒவ்வொரு சுடுக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்த தடம். "நானே பொருத்தித் தருகிறேன்" என்று சொன்னவரின் வேலை இது.

அடுத்தது ரைஃபிள். அண்ணர் போல்ட்டை உருவிவிட்டு, தோட்டா நுழையும் அறையின் விளிம்பில் சிறிய டார்ச்சை அடித்துக் காட்டினார். பன்னிரண்டு மணி முள் நிற்கும் இடத்தில் நகத்தால் கிள்ளிய மாதிரி ஒரு பளபளப்பான பள்ளம். தோட்டா இல்லாமல் திரும்பத் திரும்ப விசையை அழுத்தினால், ரிம்ஃபயரில் சுடுமுள் நேராக அறை விளிம்பில் போய் மோதும் வாய்ப்பு உண்டு. உலோகம் நசுங்கி உள்பக்கம் பிதுங்கும். சுட்ட கூடு விரிந்து அந்தப் பிதுக்கத்தில் மாட்டிக்கொள்ளும். அன்று மாலை போல்ட் இழுபடாததற்குக் காரணம் அதுதான். பிறகு குழலின் வாயில் காது குடையும் பஞ்சுக்குச்சியை மெதுவாகச் சுற்றினார். ஓர் இடத்தில் பஞ்சு நூல் மாட்டி நின்றது. அங்கே வாய்விளிம்பு நசுங்கியிருக்கிறது. குண்டு குழலைவிட்டுப் போகும்போது கடைசியாகத் தொடும் இடம் அது. அங்கே காற்று ஒரு பக்கமாகக் கசிந்தால் குண்டு கோணலாகத்தான் போகும். 50 மீட்டரில் ஐந்து தோட்டா சுட்டோம், ஏழு சென்டிமீட்டருக்குச் சிதறியது. "புதுசு மாதிரி"யாம்.

இந்த இரண்டு சோதனைக்கும் தேவைப்பட்டது ஒரு டார்ச்சும் ஒரு பஞ்சுக்குச்சியும். கடையிலேயே, பணம் கொடுக்கும் முன்னாலேயே இரண்டே நிமிடத்தில் செய்திருக்கலாம். பழைய .22 எதை வாங்கினாலும் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அங்கே வாங்காதீர்கள்.

தோட்டா விஷயத்தில் என் அவசரமும் சேர்ந்திருக்கிறது. .22 குழல்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ருசி உண்டு. ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்து வந்த இரண்டு ரைஃபிள்கூட ஒரே தோட்டாவை விரும்பாமல் போகலாம். அதனால் ஐம்பது தோட்டாப் பெட்டியாக நாலைந்து வகை வாங்கி, காகிதத்தில் சுட்டுப் பார்த்து, எது நெருங்கி விழுகிறதோ அதைத்தான் மொத்தமாக வாங்க வேண்டும். விற்ற தோட்டாவைக் கடைகள் பொதுவாகத் திரும்ப எடுப்பதில்லை. பாதுகாப்பு கருதி அது நியாயமும்கூட. ஆகவே முதல் நாளே ஐந்நூறு வாங்குவது கிணற்றில் போட்ட கல்.

அதைவிட முக்கியம், அவர் கொடுத்த வகை. 40 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு), அதிவேகம், முனை மூடிய ஈயக்குண்டு. ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். இந்தத் தோட்டா அதைத் தாண்டுகிறது, ஆகவே வெடிச்சத்தத்தோடு சாட்டையடி மாதிரி இன்னொரு சத்தமும் வரும். வீடுகள் பக்கத்தில் இருக்கின்றன என்று சொன்னவனுக்குக் கொடுக்க வேண்டியது, ஒலிவேகத்துக்குக் கீழே போகும் சப்சானிக் ஹாலோபாயின்ட். முனையில் குழி இருக்கும், பட்டவுடன் விரிந்து ஆற்றலை அங்கேயே செலவழிக்கும். மூடிய முனை முயலைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும், கல்லில் பட்டால் தெறித்து ஓடும். .22 குண்டு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேலும் போகக்கூடியது. பின்னால் மண்மேடு இல்லாமல் எந்தத் தோட்டாவையும் சுடக்கூடாது என்பது வேறு விஷயம். ஆனால் வாடிக்கையாளர் வாய்விட்டுச் சொன்ன பிறகும் இதைக் கொடுப்பது விற்றுத் தீர்க்கிற வேலை.

கடைக்குத் திரும்பப் போனேன். சுவரில் "பழைய பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற பலகையைக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதைக் கொடுத்துவிட்டு .17 எச்எம்ஆர் தோட்டா சுடும் ரைஃபிள் எடுத்துக்கொள்ளுங்கள், மேலே 600 டாலர் போட்டால் போதும்" என்றார். .17 எச்எம்ஆர் மோசமான தோட்டா இல்லை. 17 கிரெயின் குண்டு விநாடிக்கு 777 மீட்டர் வேகத்தில் புறப்படும். திறந்த வெளியில் 100 மீட்டரைத் தாண்டி முயல் அடிப்பவர்களுக்கு அருமையானது. ஆனால் சத்தம் அதிகம், ஒவ்வொரு தோட்டாவும் .22-ஐவிடப் பல மடங்கு விலை. 40 மீட்டர்க்காரனுக்கு அது எதற்கு? அதுவும் இங்கே துப்பாக்கி மாற்றுவது சட்டை மாற்றுவது போல இல்லை. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் போலீஸிடம் தனியாக வாங்கும் அனுமதி எடுக்க வேண்டும். முதல் அனுமதிக்கு 28 நாள் காத்திருந்தவன் நான். பிடிக்காவிட்டாலும் வைத்துக்கொள்வான் என்று அவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது.

அந்தப் பலகைக்குச் சட்டத்தில் மதிப்பு இல்லை. 2011 முதல் நடைமுறையில் இருக்கும் ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி, கடை விற்கும் பழைய பொருளும் அதன் விலைக்கும் வயதுக்கும் தக்க தரத்தில் இருக்க வேண்டும், சொன்ன விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும், வாங்குபவர் தெரிவித்த தேவைக்குப் பொருந்த வேண்டும். தனியாளிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது, அதையும் நினைவில் வையுங்கள். என் அதிர்ஷ்டம், கடைக்குப் போவதற்கு முந்தைய நாள் தூரம், முயல், வீடுகள் எல்லாவற்றையும் எழுதி ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன், அவர்களும் பதில் போட்டிருந்தார்கள். அந்த மின்னஞ்சலையும், அறைப் பள்ளத்தின் படத்தையும், ஏழு சென்டிமீட்டர் காகிதத்தையும், கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) எழுதிக் கொடுத்த அறிக்கையையும் இணைத்துக் கடிதம் அனுப்பினேன். பதினான்கு நாளில் தீர்க்காவிட்டால் மாநில நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் விக்டோரியாவுக்கும், தேவைப்பட்டால் விகேட் தீர்ப்பாயத்துக்கும் போவேன் என்று எழுதினேன். பதினோராம் நாள் போன் வந்தது. ஸ்கோப், வளையம் இரண்டின் பணமும் முழுதாகத் திரும்பியது. கன்ஸ்மித் செலவில் பாதி தந்தார்கள். தோட்டாவுக்கு ஒன்றும் இல்லை. மன்னிப்பு என்று ஒரு வார்த்தையும் இல்லை.

கன்ஸ்மித் அறைப் பிதுக்கத்தை அதற்கென்றே உள்ள கருவியால் அழுத்திச் சமன் செய்தார், குழல் வாயைப் புதிதாகக் கடைந்தார். இப்போது மேலே இருப்பது 50 கெஜத்துக்குச் சரிசெய்த 4x32, தாழ்வான வளையத்தில். ஆறு வகைத் தோட்டா சுட்டுப் பார்த்ததில் ஒரு சப்சானிக் ஹாலோபாயின்ட் 50 மீட்டரில் இரண்டு சென்டிமீட்டருக்குள் விழுகிறது. 45 மீட்டருக்கு மேல் நான் சுடுவதில்லை. பழைய பெட்டியில் மிச்சமிருக்கும் நானூற்றுச் சொச்சம் காகிதத்துக்கு மட்டும்.

ஜீலாங், கோலாக் பக்கம் யாராவது முதல் ரைஃபிள் பார்க்கப் போவதாக இருந்தால் கீழே எழுதுங்கள். சனிக்கிழமைகளில் நானும் கூட வருகிறேன், டார்ச்சும் பஞ்சுக்குச்சியும் வண்டியிலேயே இருக்கின்றன.