எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் இடுப்புப்பையை வாங்காதீர்கள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் புறநகரில் நானும் கணவரும் பெட்ரோல் பங்கோடு சேர்ந்த சிறிய கடை ஒன்றை நடத்துகிறோம். இரவு பதினொன்றரைக்குக் கல்லாவை மூடிவிட்டுக் காருக்கு நடக்கும் அந்த நாற்பது அடிதான் நான் கைத்துப்பாக்கி வாங்கியதற்குக் காரணம். வாங்கியது சரியா தவறா என்று என்னோடு சண்டை போட விரும்புகிறவர்கள் வேறொரு நாள் வரலாம். இன்று எழுதுவது அதை வைத்துக்கொள்ளும் பையைப் பற்றி மட்டும்.

இடுப்புப்பை எதற்கு என்றால், ஆண்கள் தடித்த பெல்ட்டில் உறையைச் செருகி மேலே சட்டையை இறக்கிவிட்டால் வேலை முடிந்தது. சுடிதார் நாடாவில் அரைக் கிலோவுக்கு மேலான எடையைத் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்று பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தோளில் மாட்டும் கைப்பையோ, திருடன் முதலில் பிடுங்குகிற பொருள். மிஞ்சியது இடுப்புப்பைதான்.

இணையத்தில் தேடியபோது 64 டாலருக்கு ஒன்று கண்ணில் பட்டது. ஆயிரம் டெனியர் (நூலின் தடிமன் அளவு) நைலான், வலக்கை இடக்கை இருவருக்கும் ஏற்றது, எல்லாக் கைத்துப்பாக்கிகளுக்கும் பொருந்தும் உறை, 30 நாள்களுக்குள் இலவசமாகத் திருப்பி அனுப்பலாம். எத்தனை அறை, எத்தனை ஜிப் என்று புடவைக்கடையில் முந்தானை பார்ப்பதுபோல் பார்த்தேனே தவிர, அந்த ‘உறை’ என்பது என்ன என்று பார்க்கவில்லை. பை வந்தபோதுதான் தெரிந்தது. வெல்க்ரோவில் ஒட்டிய ஒரு எலாஸ்டிக் பட்டை. அவ்வளவுதான். விரலால் இழுத்துச் சுடும் விசை இருக்கும் பகுதியை மூட எதுவுமே இல்லை.

அப்போதே திருப்பியனுப்பியிருக்க வேண்டும். பணம் கொடுத்தாயிற்றே என்று மனம் அதை நல்ல பையாகவே பார்க்கத் தொடங்கிவிட்டது.

என்னைக் காப்பாற்றியது சுடுதளத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்த முதியவர் சொன்ன ஒரு வார்த்தை. டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயது நிரம்பியவர்கள் பெரும்பாலோர் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம். ஆனாலும் நான் 40 டாலர் கட்டி, வகுப்பில் உட்கார்ந்து, 50 தோட்டா சுட்டுக் காட்டி உரிமம் வாங்கினேன். அந்த வகுப்பின் முடிவில் அவர் சொன்னது: “புதிய உறையோ புதிய பையோ வாங்கினால் இரண்டு வாரம் காலித் துப்பாக்கியோடு வாழ்ந்து பாருங்கள். அதற்குப் பிறகுதான் தோட்டா.”

அப்படியே செய்தேன். என்னுடையது கிளாக் 43எக்ஸ் என்னும் சிறிய கைத்துப்பாக்கி. தோட்டாக்களை அடுக்கும் மேகசினை உருவி, துப்பாக்கிக்குள் தோட்டா நிற்கும் அறையைக் கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை சோதித்துப் பையில் வைத்தேன். விற்பனைப் படத்தில் துப்பாக்கியோடு ஒரே அறையில் சாவிக்கொத்தும் இருந்தது. நானும் கடைச் சாவிகளை அங்கேயே போட்டேன். மூன்றாம் நாள் மாலை, கீழ் அலமாரியில் பால் கேன்களை அடுக்கக் குனிந்தபோது வயிற்றருகே ‘டிக்’ என்று ஒரு சத்தம்.

பக்கிள்தான் விட்டுவிட்டதோ என்று நினைத்தேன். உள்ளறைக்குப் போய் ஜிப்பைத் திறந்தேன். எலாஸ்டிக்கிலிருந்து நழுவி, துப்பாக்கி தலைகுப்புறச் சரிந்து கிடந்தது. கார்ச் சாவியின் முனை விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்குள் நுழைந்திருந்தது. கிளாக்கில் விசை முன்னால் நின்றால் அது சுடத் தயார். பின்னால் ஒட்டிக் கிடந்தால் விசை இழுபட்டு, தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசி அடித்துவிட்டது என்று பொருள். என்னுடையது பின்னால் ஒட்டிக் கிடந்தது. குழல்வாய் என் இடது தொடையைப் பார்த்தபடி இருந்தது.

“என்னங்க, கொஞ்சம் இங்கே வாருங்கள்” என்றேன். அவர் வந்து பார்த்தார். “தோட்டா போடவில்லையே?” என்றார். இல்லை என்றேன். வேறெதுவும் கேட்காமல் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அன்றிரவே விற்பவருக்குப் படங்களோடு எழுதினேன். ‘அன்புள்ள தோழியே’ என்று பதில் வந்தது. சாவியை அந்த அறையில் வைத்தது என் தவறாம். உங்கள் படத்திலேயே சாவி இருக்கிறதே என்று கேட்டதற்கு, படம் அழகுக்காக என்றார்கள். இலவசமாகத் திருப்பி அனுப்பும் சலுகை ‘பயன்படுத்தாத பொருளுக்கு’ மட்டுமாம். வேண்டுமானால் என் செலவில் வெளிநாட்டு முகவரி ஒன்றுக்கு அனுப்பலாமாம். விசை மூடப்படவில்லை என்று ஒற்றை நட்சத்திரம் போட்டு விமர்சனம் எழுதினேன். மறுநாளே 20 டாலர் தருவதாகச் சொன்னார்கள். விமர்சனத்தை நீக்கினால் 35. நான் பேசாமல் இருந்ததும் 50 ஆயிற்று. கோயம்பேட்டில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவதுபோல் என் தொடைக்கு விலை ஏறிக்கொண்டே போனது.

பணம் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தேன். சொன்னபடி இல்லாத பொருளை அனுப்பினால் வங்கியிடம் முறையிட 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இங்கே இருக்கிறது. கணக்கு அறிக்கை வந்த 60 நாள்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். விளம்பரத்தின் படம், பையின் படம், பேரம் பேசிய செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினேன். 64 டாலரும் திரும்பி வந்தது. டெபிட் கார்டுக்கு இதே பாதுகாப்பு கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்த பையைக் கடைக்கு நேரில் போய் வாங்கினேன். காலித் துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் எடுத்துக்கொண்டு, முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனேன். இந்த முறை முதலில் பார்த்தது உறையைத்தான். கைடெக்ஸ் என்னும் கெட்டி நெகிழியில், குறிப்பிட்ட மாடலின் அளவுக்கே வார்த்தது. விசையையும் அதைச் சுற்றிய வளையத்தையும் முழுக்க மூடியிருந்தது. கடைக்காரர் உறையோடு பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினார், துப்பாக்கி அசையவில்லை. வெளியிலிருந்து கட்டைவிரலால் என் பலம் எல்லாம் கொடுத்து அழுத்திப் பார்த்தேன், விசை தொடுபடவில்லை. துப்பாக்கிக்கென்று தனி அறை, அதில் ஒரு நாணயம்கூடப் போகக்கூடாது. இடுப்புப் பட்டை அகலமாக இருந்தால்தான் எடை ஒரு பக்கம் இழுக்காது. பழைய பையின் பட்டை சுருக்குப்பைக் கயிற்றுக்கு அண்ணன் போல் இருந்தது.

அவசரத்தில் ஒரே இழுப்பில் திறக்க ஜிப்பில் ஒரு நாடா தொங்கும். என் ஆறு வயது மகனுக்கு அந்த நாடாவைப் பார்த்தாலே கை துறுதுறுக்கும். பழைய பையில் அது வெளியே ஊசலாடியது. புதியதில் உள்ளே மடித்துச் செருகிவிடலாம். இடுப்பிலிருந்து அவிழ்த்தால் பை நேராகப் பெட்டகத்துக்குள் போகிறது, சோபாவுக்கு இல்லை. பாதுகாக்காமல் விட்ட தோட்டா போட்ட துப்பாக்கி 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் கையில் கிடைத்தால் டெக்சாஸில் அது பெற்றோரின் குற்றம்.

விமான நிலையச் சோதனைத் தட்டில் பழக்கதோஷத்தில் வைக்கிற பொருளும் இந்தப் பைதான். 2023இல் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன, பெரும்பாலானவை தோட்டாவோடு. மறந்துவிட்டேன் என்பதுதான் அங்கே வழக்கமாகச் சொல்லும் காரணம். அதனால் எங்கள் வீட்டில் பயணத்துக்கு இந்தப் பையைத் தொடவே கூடாது என்று வைத்திருக்கிறோம்.

இன்னொன்று. எச்-1பி விசாவில் இருக்கும் தம்பி தங்கைகள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குக் கிளம்ப வேண்டாம். இப்படிக் குடியேறாத, தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய அரசின் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, அவற்றை வழக்கறிஞரிடம் கேளுங்கள். மாநிலச் சட்டம் தாராளமாக இருக்கிறது என்று நண்பர் சொல்வதை நம்பி விசாவை இழக்காதீர்கள்.

என் விமர்சனம் விதிகளை மீறியதாகச் சொல்லி நீக்கப்பட்டுவிட்டது. போன வாரம் தேடியபோது அதே பை வேறு பெயரில், எட்டு டாலர் கூடுதல் விலையில் கிடந்தது. படம் பழைய படம்தான். துப்பாக்கிக்குப் பக்கத்தில் அதே சாவிக்கொத்து.