20ஆ, 30ஆ, 40ஆ? பினாங்குக் கடலுக்கு ஏற்ற பாய்மரப் படகு இன்ஜின்

பாய்மரப் படகின் பழைய இன்ஜினை மாற்றப் போகிறேன் என்று பினாங்கில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "எடுக்கிறதுதான் எடுக்கிறீங்க, ஒரு சைஸ் பெருசா எடுத்துடுங்கண்ணே" என்பார்கள். அது பாதி சரிதான். அந்தப் பாதியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

கணக்குக்கு ஒரு படகை எடுத்துக்கொள்வோம். நீளம் 36 அடி, நீர்க்கோட்டு நீளம் (தண்ணீர் மட்டத்தில் படகின் நீளம்) 30 அடி, தண்ணீர், டீசல், சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு எடை 7 டன். போட்டியில் இருப்பவை மூன்று யான்மார் இன்ஜின்கள்: 21 குதிரைத்திறன் தரும் 3ஒய்எம்20, 29 தரும் 3ஒய்எம்30, 40 தரும் 3ஜேஎச்40. வோல்வோ பென்டாவிலும் குபோட்டா இன்ஜினை அடிப்படையாகக் கொண்ட பீட்டாவிலும் கிட்டத்தட்ட இதே வரிசை உண்டு.

நீர்க்கோட்டு நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் இந்தப் படகின் வேக எல்லை கிடைக்கும்: சுமார் 7.3 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). அதற்கு மேல் எவ்வளவு முறுக்கினாலும் படகின் பின்புறம் தாழுமே தவிர வேகம் கூடாது. அமைதியான கடலில் 6 நாட் ஓட ஏறக்குறைய 10 குதிரைத்திறன் போதும். 7.3ஐத் தொட 27 அளவுக்கு வேண்டும். கடைசி 1.3 நாட்டுக்குத்தான் அத்தனை விலை!

டீசல் கணக்கிலும் பலர் தடுமாறுகிறார்கள். பெரிய இன்ஜின் அதிகம் குடிக்கும் என்பது முழு உண்மையல்ல. 6 நாட்டுக்குத் தேவையான சக்தி எந்த இன்ஜினிலும் ஒன்றுதான். மணிக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் போகும். லங்காவிக்குச் சுமார் 60 கடல் மைல், பத்து மணி நேரம், 25 லிட்டர். அதையே 7 நாட்டில் ஓடினால் 40 லிட்டரை நெருங்கிவிடும்.

அப்படியானால் 20 போதாதா? மலாக்கா நீரிணையில் பல நாள் காற்றே இருக்காது; அந்த மாதிரி நாளில் தாராளமாகப் போதும். சோதனை வருவது வேறு இடங்களில். பினாங்குப் பாலத்துக்கும் ஜெரெஜாக் தீவுக்கும் இடையே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெருவோதத்தின்போது நீரோட்டம் 2 நாட்டுக்கு மேல் இழுக்கும். தென்மேற்குப் பருவத்தில் விடியலுக்கு முன் சுமாத்திராப் புயல்காற்று திடீரென்று வந்து இறங்கும். நடுக்கடலில் அது பிடித்தால் எந்த இன்ஜினும் எதிர்த்து ஏறாது. பாயைச் சுருக்கிக்கொண்டு ஓடவிட வேண்டியதுதான். ஆனால் நங்கூரம் இழுபட்டுப் படகு கரைப் பக்கம் நகரும்போது 25 நாட் எதிர்காற்றில் கொஞ்சமாவது முன்னேறியாக வேண்டும். காற்று இருமடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். அந்த நேரத்தில் 20 திணறும், 30 மெதுவாக நகர்த்தும். டன்னுக்கு 4 குதிரைத்திறன் என்ற பழைய விதியும் இங்கே 28 என்றுதான் சொல்கிறது.

20க்கும் 30க்கும் இடையே எடை வித்தியாசம் சில கிலோதான். ஆனால் 854 சிசி எங்கே, 1,266 சிசி எங்கே. சிறியது முழுச் சக்தி தர நிமிடத்துக்கு 3,600 சுற்று ஓட வேண்டும். இப்போதைய 3ஒய்எம்30 ஏஇ 3,200லேயே தந்துவிடும். இரவெல்லாம் இன்ஜினில் ஓடும்போது, உள்ளே தூங்குகிறவருக்கு அதன் அருமை தெரியும்.

சரி, 40? இங்கேதான் அந்த யோசனையின் மறுபாதி தடுக்கிறது. எடை 50 கிலோவுக்கு மேல் கூடும். கூடுதல் சக்தியைத் தண்ணீருக்குக் கடத்தப் பெரிய புரோப்பல்லர் வேண்டும். இலையின் நுனிக்கும் படகின் அடிக்கும் நடுவே போதிய இடைவெளி இல்லையென்றால் அதை மாட்டவே முடியாது. ஷாஃப்ட், புகைக்குழாய், இன்ஜின் படுக்கை என்று செலவு நீளும். அப்புறம், 40ஐ வாங்கி எப்போதும் 10இல் ஓட்டினால் டீசல் இன்ஜினுக்கு ஆகாது. சூடு ஏறாமல் கரி படியும், சிலிண்டர் சுவர் பளபளத்து எண்ணெய் குடிக்க ஆரம்பிக்கும்.

எனக்குப் பெரிய தயக்கம் எரிபொருளில் இருக்கிறது. 3ஜேஎச்40 மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் காமன் ரெயில் இன்ஜின்; அதாவது, எல்லா சிலிண்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும். மலேசிய டீசலில் செம்பனை பயோடீசல் கலந்திருக்கிறது; அது ஈரத்தை இழுக்கும், ஓடாமல் கிடக்கும் தொட்டியில் பூஞ்சை பிடிக்கும். தண்ணீர் கலந்த டீசலை அந்த உயர் அழுத்த பம்ப் மன்னிக்காது. ஒய்எம் வரிசையில் இருப்பது பழைய முறை இயந்திர பம்ப். வடிகட்டியை மாற்றி, காற்றை வெளியேற்றி, பங்கோர் தீவில் ஒரு மீன்பிடிப் படகு மெக்கானிக்கை வைத்தே கிளப்பிவிடலாம். தீவு தீவாகப் போகிறவருக்கு இதைவிட என்ன பாதுகாப்பு வேண்டும்? 9, 10 டன் படகாக இருந்தால் 40தான் சரி, அங்கே எனக்கு மறுப்பில்லை. 7 டன்னுக்கு 30.

இப்போதிருக்கும் 20 ஆரோக்கியமாக இருந்தால் உடனே கழற்ற வேண்டாம். நம் வெதுவெதுப்பான தண்ணீரில், கட்டிக் கிடக்கும் படகின் புரோப்பல்லரில் ஒட்டுச் சிப்பிகள் வெகு சீக்கிரம் ஏறிவிடும். சக்தி குறைந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். முதலில் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். பிறகு அமைதியான கடலில் முழு வேகத்தில் ஓட்டிச் சுற்றைப் பாருங்கள். 3,600ஐ நெருங்காமல் கரும்புகை கக்கினால் புரோப்பல்லரின் பிட்ச் (இலையின் சாய்வு) அதிகமாக இருக்கலாம். அதைக் குறைத்துப் பாருங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் 30க்கு விலை கேளுங்கள்.