கிறிஸ்டியானிட்டி டுடே சந்தா: நம்ம ஊர் விசுவாசிக்கு இது தேவையா?

அமெரிக்க அரசியலைப் பற்றி சபை வாட்ஸ்அப் குழுக்களில் வருவதைப் படித்துப் படித்து சலித்துப் போனவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2020 தேர்தல் சமயத்தில் ட்ரம்ப்பை ஏசாயா 45-ல் வரும் பாரசீக ராஜா கோரேசோடு ஒப்பிட்டு, இவர்தான் தேவன் அபிஷேகம் பண்ணின மனுஷர், இவருக்காக உபவாசம் இருந்து ஜெபியுங்கள் என்று எத்தனை ஃபார்வர்டு! அவர் ஜெயிப்பார் என்று அமெரிக்காவில் தீர்க்கதரிசனம் சொன்னவர்கள் பலர். சொன்னது நடக்காமல் போனதும் அவர்களில் ஒருவரான ஜெரமையா ஜான்சன் என்பவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பை நான் இருக்கும் எந்தக் குழுவிலும் யாரும் போடவில்லை. என்னதான் நடக்கிறது அங்கே என்று தேடிப் படிக்கப்போய்த்தான் கிறிஸ்டியானிட்டி டுடே என்கிற அமெரிக்கக் கிறிஸ்தவப் பத்திரிகை எனக்குப் பழக்கமானது. இப்போது சந்தா கட்டிப் படிக்கிறேன். பணத்துக்குத் தகுமா என்று வாலிபர் கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். தகும். ஏன் என்று சொல்கிறேன், குறைகளையும் சேர்த்து.

முதலில் இது யாருடைய பத்திரிகை என்று தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க சுவிசேஷகர் பில்லி கிரகாம் 1956-ல் தொடங்கியது. அதே வருஷ ஆரம்பத்தில்தான் அவர் இந்தியாவுக்கு வந்து சென்னை, கோட்டயம், பாளையங்கோட்டை என்று கூட்டங்கள் நடத்தினார். அக்டோபரில் முதல் இதழ் வந்தது. முதல் ஆசிரியர் கார்ல் ஹென்றி, இறையியல் படிக்கப் போவதற்கு முன்னால் செய்தித்தாளில் நிருபராக இருந்தவர். அந்தக் காலத்தில் அமெரிக்க சபைகளில் செல்வாக்காக இருந்தது சிகாகோவிலிருந்து வந்த கிறிஸ்டியன் செஞ்சுரி என்கிற தாராளவாதப் பத்திரிகை. அதன் போக்கு பிடிக்காதவர்கள், அதே சமயம் உலகத்தோடு நமக்கு என்ன பேச்சு என்று கதவைச் சாத்திக்கொண்ட அடிப்படைவாதிகளோடும் நிற்க முடியாதவர்கள், இவர்களுக்கு நின்று பேச ஒரு இடம் வேண்டும் என்று கிரகாம் நினைத்தார். வேத சத்தியத்தில் உறுதி, சமுதாயப் பிரச்சினைகளில் திறந்த மனசு, இதுதான் அவர் போட்ட கோடு. ஆரம்பத்தில் வாஷிங்டனில் இருந்த அலுவலகம் 1977-ல் இல்லினாய் மாநிலத்தின் கேரல் ஸ்ட்ரீம் என்ற ஊருக்கு மாறியது. இன்றும் நடத்துவது லாப நோக்கமில்லாத ஒரு ஊழியம்தான்.

சரி, நான் எதற்காகக் காசு கொடுக்கிறேன்? ஒரே காரணம். இந்தப் பத்திரிகை தன் சொந்த வீட்டாரைத் தராசில் நிறுத்துப் பார்க்கிறது. வெளியுலகம் கெட்டுப்போய்விட்டது, சினிமா கெட்டுவிட்டது, இளைஞர்கள் கெட்டுவிட்டார்கள் என்று எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டிலேயே தொடங்கும் என்று பேதுரு எழுதியதை நாம் பிரசங்கத்தில் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம், இவர்கள் அதைச் செய்தியாக்கி அச்சடிக்கிறார்கள்.

எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் 2019 டிசம்பர் 19-ல் வந்த தலையங்கம். அமெரிக்க பிரதிநிதிகள் சபை ட்ரம்ப்பின் மேல் பதவிநீக்கக் குற்றச்சாட்டை நிறைவேற்றிய மறுநாள், அப்போது ஆசிரியராக இருந்த மார்க் கேலி, இவர் பதவியிலிருந்து நீக்கப்பட வேண்டும் என்று எழுதினார். வாசகர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். 2016 தேர்தலில் வெள்ளை இன சுவிசேஷ கிறிஸ்தவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் ட்ரம்ப்புக்கு வாக்களித்தவர்கள் என்று வாக்குச்சாவடிக் கணிப்புகள் சொல்லின. தன் சந்தாதாரர்களுக்குப் பிடிக்காது என்று தெரிந்தே எழுதிய தலையங்கம் அது. இணையதளம் கூட்டம் தாங்காமல் படுத்துவிட்டது. ட்ரம்ப் ட்விட்டரில் இதைத் தீவிர இடதுசாரிப் பத்திரிகை என்று திட்டினார். நிறுவனரின் மகன் ஃபிராங்க்ளின் கிரகாமே எழுந்து, என் அப்பா இதை ஒத்துக்கொள்ள மாட்டார், அவர் ட்ரம்ப்புக்குத்தான் ஓட்டுப் போட்டார் என்று பதில் கொடுத்தார். ஏறக்குறைய 200 சபைத் தலைவர்கள் கையெழுத்திட்டு எதிர்ப்புக் கடிதம் அனுப்பினார்கள்.

எனக்கு அந்தத் தலையங்கத்தில் பிடித்தது அதன் முடிவுகூட இல்லை, அளவுகோல். 1998-ல் அப்போதைய ஜனாதிபதி கிளிண்டனின் பாலியல் விவகாரத்தின்போது, பொய் சொல்லும் ஜனாதிபதி தேசத்தையே கிழிக்கிறார் என்று இதே பத்திரிகை எழுதியிருந்தது. 21 வருஷம் கழித்து அந்தப் பழைய வரிகளை எடுத்து மேஜைமேல் வைத்து, அன்று அவருக்குச் சொன்னதைத்தானே இன்று இவருக்கும் சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். கட்சி மாறினால் தராசு மாறக்கூடாது. ட்ரம்ப்பைப் பதவிநீக்கம் செய்திருக்க வேண்டுமா கூடாதா என்பதில் நீங்கள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் இருங்கள், இந்த ஒன்றை மறுக்க முடியுமா சொல்லுங்கள்.

அரசியலைவிட எனக்கு அதிகம் பிரயோஜனமாக இருந்தது இவர்களின் ஆடியோ தொடர். 2021-ல் மைக் காஸ்பர் தயாரித்து வழங்கிய, மார்ஸ் ஹில் சபை எழுந்து விழுந்த கதை. சியாட்டலில் 1996-ல் சிறியதாகத் தொடங்கிய சபை, மார்க் டிரிஸ்கல் என்கிற துடிப்பான போதகர், ஆயிரக்கணக்கான இளைஞர்கள், பல இடங்களில் கிளைகள், கடைசியில் 2014-ல் அவர் ராஜினாமா செய்ய, சில வாரங்களிலேயே சபையைக் கலைக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. இதில் ஒரு இடம் எனக்கு இன்னும் காதிலேயே நிற்கிறது. போதகரின் சொந்தக் குரலில் பழைய ஒலிப்பதிவு ஒன்றைப் போடுகிறார்கள். நம்ம பஸ்ஸுக்குப் பின்னால் பிணங்கள் குவிந்து கிடக்கின்றன, தேவ கிருபையால் நாம் முடிக்கும்போது அது மலையாகியிருக்கும், ஒன்று பஸ்ஸில் ஏறு, இல்லையென்றால் அது உன்மேல் ஏறும் என்கிற கருத்தில் பேசுகிறார். கேள்வி கேட்ட மூப்பர்கள் வேலையை விட்டு அனுப்பப்பட்ட நேரத்தில் பேசியது. தேவ கிருபை என்ற வார்த்தையை அந்த வாக்கியத்துக்குள் கேட்டபோது எனக்கு உடம்பு நடுங்கியது.

தொடரின் முதல் பகுதியே ஒரு கேள்வியோடுதான் ஆரம்பிக்கிறது: இந்தச் சபையைக் கொன்றது யார்? போதகர் மட்டுமா? கைதட்டின நாம் எல்லோரும் எங்கே போனோம்? வளர்ச்சி இருக்கிறதே, கூட்டம் வருகிறதே, ஆத்துமாக்கள் ரட்சிக்கப்படுகிறதே, அதனால் கொஞ்சம் கோபக்காரராக இருந்தால் என்ன என்று சமாதானம் சொல்லிக்கொண்ட ஒவ்வொருவரையும் தொடர் விடாமல் பிடித்து உலுக்குகிறது. நம் பக்கத்துச் சபைகளில் கமிட்டி எலெக்‌ஷன் சண்டையையும், தனி ஊழியங்களில் அப்பாவுக்குப் பின் மகன் மேடை ஏறுவதையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சியாட்டல் கதையாகத் தோன்றவே தோன்றாது. எங்கள் பைபிள் ஸ்டடியில் சில பகுதிகளைச் சேர்ந்து கேட்டுவிட்டுப் பேசினோம், வழக்கமாக வாயே திறக்காத பையன்களெல்லாம் அன்று பேசினார்கள்.

அப்புறம் ரவி சக்கரியாஸ். நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. 1946-ல் மெட்ராஸில் பிறந்தவர், டெல்லியில் வளர்ந்தவர், உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்களில் விசுவாசத்துக்காக வாதாடியவர். அவருடைய வீடியோக்களைப் பார்த்துத்தான் நம்மில் எத்தனை பேர் கல்லூரியில் தைரியமாகச் சாட்சி சொன்னோம். 2020 மே மாதம் அவர் இறந்தார், உலகமே அஞ்சலி செலுத்தியது. அந்த செப்டம்பரிலேயே, அவர் பங்குதாரராக இருந்த ஸ்பாக்களில் வேலை செய்த பெண்கள் சொன்ன பாலியல் குற்றச்சாட்டுகளை இந்தப் பத்திரிகை வெளியிட்டது. அவருடைய ஊழிய நிறுவனம் முதலில் மறுத்தது. பிறகு அவர்களே நியமித்த சட்ட நிறுவனம் விசாரித்து, 2021 பிப்ரவரியில் வந்த அறிக்கையில் அதெல்லாம் உண்மை என்று வந்தது, சொன்னதைவிட மோசமாகவும் இருந்தது. செத்தவரைப் பற்றி ஏன் இப்படி எழுத வேண்டும், இதனால் ஆண்டவருடைய நாமம் தூஷிக்கப்படாதா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. பாதிக்கப்பட்ட அந்தப் பெண்களிலும் விசுவாசிகள் இருந்தார்கள். அவர்களுடைய கண்ணீரை யார் எழுதுவது? பாவம் செய்த தாவீது ராஜாவிடம் போய் நீயே அந்த மனுஷன் என்று சொன்ன நாத்தானை நாம் தீர்க்கதரிசி என்றுதானே சொல்கிறோம்.

மற்றவர்களைப் பற்றித்தானே எழுதுவார்கள் என்று நினைத்தால், 2022 மார்ச்சில் தன் அலுவலகத்திலேயே பெண் ஊழியர்கள் பல வருஷம் சகித்த தொல்லைகளையும், நிர்வாகம் சரியாக நடவடிக்கை எடுக்காமல் விட்டதையும் தன் செய்தியாளரை வைத்தே எழுதி வெளியிட்டார்கள். நான் சந்தாவைப் புதுப்பித்தது அதைப் படித்த பிறகு.

சினிமா, டிவி பக்கம் கொஞ்சம் வித்தியாசமானது. ஃபோகஸ் ஆன் த ஃபேமிலி என்கிற அமெரிக்கக் கிறிஸ்தவ ஊழியம் நடத்தும் ப்ளக்ட் இன் இணையதளம் மாதிரி, எத்தனை கெட்ட வார்த்தை, எத்தனை சண்டை, குடிக்கிறார்களா என்று தலைப்புத் தலைப்பாகப் பிரித்துச் சொல்லும் வேலையை இவர்கள் செய்வதில்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ப்ளக்ட் இன் தான் உபயோகம், அதை நானும் பார்க்கிறேன், அது இலவசம். இங்கே கிடைப்பது படம் மனுஷனைப் பற்றி என்ன சொல்கிறது என்ற கட்டுரை. சில நன்றாக இருக்கும், சில கட்டுரைகள் அமெரிக்கக் கல்லூரிப் பேராசிரியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது போல இருக்கும், நான் பாதியில் விட்டுவிடுவேன்.

இப்போது குறைகள். முக்கியமானது, எல்லாவற்றையும் அமெரிக்கக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது. ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ், சீனம், கொரியன் என்று பல மொழிகளில் கட்டுரைகளை மொழிபெயர்க்கிறார்கள், வெளிநாட்டுச் செய்திகளும் வருகின்றன. இந்தியா என்றால் மதமாற்றத் தடைச் சட்டம், தாக்குதல், மணிப்பூர் என்று துன்பப்படுகிற சபையாகத்தான் பெரும்பாலும் வருகிறோம். அதெல்லாம் உண்மை, எழுதத்தான் வேண்டும். ஆனால் நம் சபைக்குள் இருக்கிற ஜாதி? கல்லறைத் தோட்டத்தில்கூட ஜாதி பார்க்கிற ஊர்கள் இங்கே இருக்கின்றன, பிஷப் தேர்தலில் எந்த ஆள் என்றுதான் முதல் கேள்வி, கல்யாணப் பேச்சில் கிறிஸ்தவர் என்று சொன்னதும் அடுத்ததாக என்ன கேட்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தன் நாட்டு நிறவெறியைப் பற்றி இன்று இவ்வளவு எழுதும் பத்திரிகை இதையும் அதே ஆழத்தில் எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். 1950-களிலும் 60-களிலும் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் நடந்தபோது இந்தப் பத்திரிகையே தயங்கித் தயங்கித்தான் நின்றது. அந்தத் தயக்கத்தின் விலை என்ன என்று அனுபவித்தவர்களுக்கு நம் பிரச்சினை புரியாமல் போகாது.

இன்னொன்று, 2016-க்குப் பிறகு ட்ரம்ப் ட்ரம்ப் என்று எழுதி எழுதி, அவரை ஆதரித்த சாதாரண விசுவாசி ஏன் அப்படி முடிவெடுத்தார் என்பதைப் பொறுமையாகக் கேட்பது குறைந்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றும். கருக்கலைப்பு விஷயத்தில் மனசாட்சியோடு போராடி, வேறு வழி தெரியாமல் ஓட்டுப் போட்டவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்கள் எல்லோரும் வெறியர்கள் இல்லை. 2022-லிருந்து 2025 வரை தலைமை ஆசிரியராக இருந்த ரஸ்ஸல் மூர் இதை ஓரளவு புரிந்தவர், அவரே அமெரிக்காவின் சதர்ன் பாப்டிஸ்ட் சபைகளின் ஒழுக்கநெறி அமைப்பில் எட்டு வருஷம் தலைவராக இருந்து, ட்ரம்ப்பை எதிர்த்ததற்காகவும் சபைக்குள் நடந்த பாலியல் கொடுமைகளைப் பற்றிப் பேசியதற்காகவும் சொந்த ஆட்களிடம் அடி வாங்கி வெளியே வந்தவர். அவர் எழுதுவதில் கோபத்தைவிடத் துக்கம் அதிகம். அதனால்தான் அவரை விடாமல் படிக்கிறேன்.

சந்தா டாலரில் கட்ட வேண்டும், அதனால் மாணவர்கள் உடனே கட்ட வேண்டாம். இலவசமாகக் கிடைப்பதே நிறைய: ஆடியோ தொடர்கள், மின்னஞ்சலில் வரும் மூரின் வாராந்தர கடிதம், சில கட்டுரைகள். ஒரு மாதம் இதையெல்லாம் படித்துப் பாருங்கள், பிடித்தால் டிஜிட்டல் சந்தா எடுங்கள், அச்சுப் பிரதி அங்கிருந்து வந்து சேருவதற்குள் செய்தி பழசாகிவிடும். ஆங்கிலம் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும், இரண்டு மூன்று பேர் சேர்ந்து படித்தால் பழகிவிடும். மார்ஸ் ஹில் தொடரை மட்டும் வீட்டில் ஸ்பீக்கரில் போடாதீர்கள், பாலியல் விஷயங்களை வெளிப்படையாகப் பேசும் பகுதிகள் உண்டு, பிள்ளைகள் தூங்கின பிறகு ஹெட்போனில் கேளுங்கள்.